குடல் முறுக்கும் சொல் முறுக்கும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாந்தன் வயிற்றினுள் ஏறத்தாழ 20 அடி நீளச் சிறுகுடலும் 5 அடி நீளப் பெருங்குடலும் மடிந்தும் வளைந்தும் கிடக்கின்றன. உண்ட உணவைச் சிறிது சிறிதாக அலைபோல் முன்தள்ளிச் செல்வது அவற்றின் தொழில். அவ்வழி ஓரிடத்தில் அடைபடுமாயின், வயிறு விட்டுவிட்டு வலிக்கும்; கக்கல் எடுக்கும்; வயிறு உப்பும்; கழிவும் காற்றும் கீழ்வழியே வெளிப்படா. அடைபட்ட இடத்திற் குருதியோட்டமும் நின்றுபோமாயின், சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். அதன்பின் உயிரைக் காப்பது அரிது.

இந்நோய்க்கு மேலை மருத்துவம் வழங்கிவரும் பெயர்களுள் மிகப் பழையது 'இலியசு' என்பது. அச்சொல் எங்குப் பிறந்தது, எப்பொருளில் பிறந்தது, இன்று எப்பொருளில் வழங்குகின்றது என்பதே இப்பேச்சின் பொருள். ஒரு நோய்ப்பெயரின் வரலாறு தமிழவைக்கு எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். அவர்கள் ஒரு காட்சியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நள்ளிரவில் ஓர் உழவன் தன் கைக்குழந்தையைத் தோளிலிட்டு மருத்துவமனைக்கு ஓடி வருகின்றான். மருத்துவர் பார்க்கின்றார், தாளில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதுகின்றார், 'பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க' என்கின்றார். உழவன் தாளைப் பார்க்கின்றான். அதில் உள்ளது அவன் குழந்தையின் நோய். ஆயினும் அஃது அவனுக்கு எழுதப்படவில்லை. 'உடனே' என்ற சொல்லின் விரைவு அவனுக்கு விளங்கவில்லை. ஏனெனின் எது என்ன ஆயிற்று என்பதே அவனுக்கு விளங்கவில்லை. விடியட்டும், பேருந்து வரட்டும், உறவினரைக் கலந்துகொள்வோம் என்று காத்திருக்கின்றான். 'குடலுக்குள் குடல் செருகிக்கொண்டது. விடியும்வரை தாங்காது' என்று அவன் மொழியில் ஒரு வரி சொல்லப்பட்டிருப்பின், அவன் அந்த இரவிலேயே நடந்தேனும் போயிருப்பான். நோய்ப்பெயரின் வரலாறு தமிழர்க்கு வேண்டுவது இதன்பொருட்டே.

இனி, சொல்லின் பிறப்பிடமாகிய கிரேக்க நாட்டுக்குச் செல்வோம்.

கிரேக்க மொழியில் சுருட்டுதல், முறுக்குதல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் உண்டு. அதனின்று பிறந்த பெயரே 'எய்லெயோசு' என்பது. வயிற்றுள் எதையோ கயிறுபோல் முறுக்கிப் பிழிவது போன்ற வலி கொண்டு துடித்தவனைக் கண்ட கிரேக்கன், தன் அடுக்களையிலும் வயலிலும் நாள்தோறும் வழங்கிய ஒரு சொல்லை எடுத்து அந்நோய்க்கு இட்டான். அவன் வேற்றுமொழிக்குப் போகவில்லை. இப்போக்கிரட்டீசு என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் பழந்தொகை நூல்களில் இந்நோய் பேசப்படுகின்றது. இந்நோயில் கக்கலும் விக்கலும் தோன்றுதல் தீக்குறி என அவை குறிக்கின்றன. கொல்லன் துருத்தி கொண்டு எருவாய் வழியே குடலுட் காற்றைச் செலுத்தி அடைப்பை விடுவிக்கும் முறையையும் அத்தொகையுள் ஒரு நூல் கூறுகின்றது. அதனைக் கேட்டு நகைத்தல் வேண்டா. குழந்தைகளின் குடற்செருகலை எருவாய் வழியே காற்றையோ நீர்மத்தையோ அளவறிந்து செலுத்தி நேராக்கும் முறை இன்றைய மருத்துவமனைகளிலும் கையாளப்படுகின்றது. காலத்தே கொண்டுவரப்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கத்தி படாமலே நலம் கிடைக்கின்றது. காலந்தாழ்ந்து வந்த குழந்தைக்கே வயிற்றைத் திறந்து குடலை அறுக்க நேர்கின்றது.

கிரேக்க மருத்துவர்க்குள்ளும் சொல்லாட்சி ஒருபடித்தாய் இருந்ததில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டினராகிய தயோக்கிளீசு என்பார், சிறுகுடல் நோய்க்குக் 'கோர்தாப்சோசு' என்றும் பெருங்குடல் நோய்க்கு 'எய்லெயோசு' என்றும் பெயரிட்டார். கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவநூல் யாத்த செல்சசு இச்செய்தியைக் கூறிவிட்டு, தம் காலத்திற் பெரும்பாலார் சிறுகுடல் நோயையே 'எய்லெயோசு' என்றும், பெருங்குடல் நோயைக் 'கோலிக்கோசு' என்றும் வழங்குவதாக எழுதுகின்றார். முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குள் ஒரு சொல் பெருங்குடலை விட்டுச் சிறுகுடலுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 'கோர்தாப்சோசு' என்பதன் முற்பகுதி குடலையும் அதனின்று முறுக்கிய நரம்பையும் குறிக்கும் சொல்லாகும். கிரேக்கர் தம் நரம்பிசைக் கருவிகளுக்குக் குடல் நரம்பு கட்டினர். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலக் 'கார்டு' என்னும் சொல்லும் அவ்வழி வந்ததே.

உரோமர் காலத்துக்குப்பின் கிரேக்கச் சொல் இலத்தீன் உடையணிந்து 'இலியசு' ஆயிற்று. உடலின் பக்கத்தையும் அடிவயிற்றோரத்தையும் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லும் அதனோடு ஒலியால் மயங்கிற்று. சிறுகுடலின் கடைப்பகுதிக்கு வழங்கும் பெயரும் இடுப்பெலும்பின் பெயரும் அம்மயக்கத்தின் அடையாளங்கள். இன்றும் ஆங்கில மருத்துவ மாணவன் ஓரெழுத்து மாற்றத்தால் குடலையும் எலும்பையும் பிழைபட எழுதுவதுண்டு. பிற்காலத்தார் உருளுதல், சுழலுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று 'வால்வுலசு' என்றொரு சொல்லைப் படைத்துக் குடல் தன்னைத்தான் சுற்றி முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு இட்டனர். மக்களிடையே இந்நோய்க்கு 'மிசரேரே மெயி' என்ற பெயரும் வழங்கிற்று. 'என்மீது இரங்குக' என்பது அதன் பொருள். தீர்க்க வழியின்றி இறைவனை நோக்கிக் கதறிய கதறலே நோயின் பெயராயிற்று. அக்காலத்து மருத்துவத்தின் கையறுநிலையைக் காட்ட இதனினும் வேறு சான்று வேண்டா.

இந்நோயை அறிந்தோர் கிரேக்கர் மட்டுமல்லர். வடமொழியில் உள்ள சுசுருத நூல் இதனைப் 'பத்தகுதோதரம்' என்று கூறி, வயிற்றைத் திறந்து அடைப்பை நீக்கும் அறுவையையும் விளக்குகின்றது. கட்டுண்ட குடலையுடைய வயிற்றுநோய் என்பது அப்பெயரின் கருத்து. இங்குக் கருதத்தக்கது ஒன்றே. கிரேக்கன் கிரேக்கத்திற் பெயரிட்டான். உரோமன் கிரேக்கத்தினின்று கற்றும் இலத்தீனில் எழுதினான். வடமொழியாளன் வடமொழியிற் பெயரிட்டான். நோயைப் பிறமொழியால் மட்டுமே பெயரிட்டு, அதனைத் தன் மக்கட்கு மறைபொருளாக வைத்திருக்கும் நிலை அவர்களுள் எவர்க்கும் உயர்வாகத் தோன்றவில்லை.

இவ்விடத்துத் தமிழ்ச்சொல்லாய்வில் ஈடுபட்டோர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் இன்றியமையாதது. முறுக்குதற் பொருளுடைய அக்கிரேக்க வினையையும், உருளுதற் பொருளுடைய இலத்தீன் வினையையும் மொழிநூலார் ஒரே வேரினவாகக் கொள்கின்றனர். அவ்வேரின் வடிவைக் கேட்டவுடன், தமிழில் வளை, வளையம், வளைவு என்பன நினைவுக்கு வரும். 'கண்டோம் வேரை! இலியசும் தமிழே!' என்று துள்ளியெழும் ஆர்வமும் சிலர்க்கு உண்டாகும். அவ்வார்வம் தமிழ்ப்பற்றின் விளைவே. ஆயினும் ஒலி ஒத்திருத்தல் ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. சொல்லின் படிப்படியான வளர்ச்சியும், ஒலித்திரிபின் ஒழுங்கும், இடைப்பட்ட மொழிகளின் சான்றும் காட்டப்பட்டாலன்றி அறிஞர் அவை அதனை ஏற்காது. ஒரு பிழைவேர் ஒன்பது மெய்வேர்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். மொழிஞாயிறு பாவாணர் தம் வாழ்நாள் முழுதும் சொல்லாய்வுக்கே ஈந்தார். 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநராய் இருந்து, 1981இல் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். அத்தகைய உழைப்பின் வழிவந்தோர் எளிய ஒலியொப்புமைக்கு மயங்கிவிடுதல் தகாது. தமிழின் பெருமைக்குக் கிரேக்கச் சொற்களைக் கடன்கேட்க வேண்டிய வறுமை இல்லை.

சரி, வேரறிவு எதற்குத்தான் பயன்படும்? பிழையான மொழிபெயர்ப்பைத் தடுக்கப் பயன்படும். அஃது எங்ஙனம் என்று காண்போம்.

'இலியசு' என்பதற்கு வேர்ப்பொருள் முறுக்கு. ஆகவே அதனைக் 'குடல் முறுக்கம்' எனத் தமிழாக்குவது முறையென்று ஒருவர் கருதலாம். அங்ஙனம் ஆக்கினால் நோயாளி கெடுவான். ஏனெனின், இன்று ஆங்கில மருத்துவர் 'இலியசு' என்னும்போது பெரும்பாலும் குறிப்பது முறுக்குண்ட குடலை அன்று. அசையாது கிடக்கும் குடலையே. வயிற்றில் அறுவை நடந்தபின் குடல் தன் இயக்கத்தை மறந்து சில நாள் சும்மா கிடக்கும். குருதியிற் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்துக் குறைந்தாலும், வயிற்றறையுள் அழற்சி உண்டானாலும் அங்ஙனமே நேரும். அங்கு அடைப்பும் இல்லை; முறுக்கும் இல்லை. வயிற்றின்மேற் குழல் வைத்துக் கேட்கும் மருத்துவர்க்குக் குடலின் ஓசையே கேளாது. முறுக்குண்ட குடலிலோ, தொடக்கத்தில் அடைப்பை மீறித் தள்ள முயலும் குடலின் ஓசை மிகுதியாகக் கேட்கும். முன்னதற்குப் பெரும்பாலும் கத்தி வேண்டா. குடற்கு ஓய்வும் நீர்மமும் உப்புச்சத்தும் தந்து காத்திருத்தல் போதும். பின்னதற்குக் காத்திருத்தலே கேடு. முறுக்கின் பெயராய்ப் பிறந்த சொல், முறுக்கே இல்லாத நோய்க்குப் பெயராய் நிற்கின்றது. சொல்லே முறுக்கிக்கொண்டது என்க.

அதுவும் ஒழுங்காக இல்லை. பித்தப்பையிலுள்ள கல் குடலுள் இறங்கி வழியை அடைத்துக்கொள்வதும் ஆங்கிலத்தில் 'இலியசு' என்றே பெயர் பெறுகின்றது. பிறந்த குழந்தையின் முதற்கழிவு இறுகிக் குடலை அடைப்பதற்கும் அப்பெயரே. இவ்விரண்டும் மெய்யான அடைப்புகள். செருமானிய மருத்துவரோ அடைப்பு, அசைவின்மை ஆகிய இரண்டையும் 'இலியசு' என்னும் ஒரே குடைக்கீழ் வைத்து, பின் அடைமொழியால் வேறுபடுத்துகின்றனர். 'மருத்துவச் சொற்கள் உலகப் பொதுச்சொற்கள். அவற்றைத் தமிழாக்கின் குழப்பம் விளையும்' என்று அறிவுரை கூறுவோர் இதனைக் கருதுவாராக. அவர்கள் பொதுச்சொல் என்று போற்றும் சொல்லே ஆங்கிலத்தில் ஒரு பொருளும், செருமானியத்தில் விரிந்த பொருளும், ஆங்கிலத்துக்குள்ளேயே முரண்பட்ட பொருளும் கொண்டு நிற்கின்றது. குழப்பம் தமிழாக்கத்தால் வருவதன்று, முன்னரே இருப்பது.

ஆகவே கலைச்சொல் ஆக்குவோன் கடைப்பிடிக்க வேண்டிய நெறி இதுவாகும்: சொல்லின் வேரை அறிக, ஆனால் வேரை மொழிபெயர்க்கற்க, பொருளுக்குப் பெயரிடுக.

அந்நெறியில் நின்று பார்ப்பின், தமிழ் இங்கு எத்துணைத் தெளிவாய் விளங்குகின்றது என்பது புலப்படும். வழி எதனால் அடைபட்டாலும் அது குடலடைப்பு. குடல் தன்னைத்தான் சுற்றிக்கொள்வது குடல் முறுக்கம். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது குடற்செருகல். வயிற்றுச் சுவரின் நலிந்த இடைவெளியிற் குடல் பிதுங்குவது குடலிறக்கம். அடைப்பின்றியே குடல் இயங்காது கிடப்பது குடலசைவின்மை. இவ்வைந்தும் ஐந்து நிலைகள். இவற்றுட் சில முன்னரே வழக்கில் உள்ளவை. ஐந்தனுள் எதனையும் பாட்டி ஒருத்தி கேட்டாலும் வயிற்றுள் நிகழ்ந்தது இன்னதென்று அவள் உளக்கண்ணிற் காண்பாள். குடற்செருகல் என்பதற்கு ஆங்கிலர் வழங்கும் நீண்ட இலத்தீன் சொல்லும் 'உள்ளே ஏற்றுக்கொள்ளுதல்' என்ற பொருளினதே. ஆனால் அஃது ஆங்கிலப் பாட்டிக்கும் விளங்காது. தமிழ்ப்பாட்டிக்கோ செருகுதல் என்பது இடுப்பிற் சேலைத்தலைப்பைச் செருகும் நாள்முறைச் செயல். வலியால் முழங்காலை வயிற்றோடு மடக்கி வீரிட்டழுது, பின் சோர்ந்து, மீண்டும் வீரிட்டழும் குழந்தை, சளியும் குருதியும் கலந்து கழியுமாயின் குடற்செருகல் என்று ஐயுற வேண்டும் என ஒரு தமிழ்த்தாய்க்குக் கற்பிக்க இரண்டு நொடிகள் போதும்.

இத்தாய்க்கு இன்று கிடைக்கும் சொல் எது? 'குடலேற்றம்'. குழந்தை பால் குடியாமல் அழுது கக்கினால் 'குடல் ஏறிக்கொண்டது' என்று சொல்லி, எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுவாரிடம் தூக்கிச் செல்லும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. எளிய வயிற்றுக்கோளாறாயின் அது தானே தணியும். நீவியவர்க்குப் பெயர் வரும். குடற்செருகலாயின் நீவுவதால் அது தீராது. நொந்த குடல் மேலும் நலியும். பொன்னான மணிகள் கழியும். இதற்கு அத்தாயைப் பழித்துப் பயனில்லை. கற்றோர் தம் சொல்லை ஆங்கிலத்துட் பூட்டி வைத்தமையால், அவள் தன்னிடம் இருந்த ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டாள். சொல் எவ்வழி செல்கின்றதோ, கால் அவ்வழி செல்லும். குடலேற்றம் என்ற சொல் அவளை நீவுவோரிடம் இட்டுச் சென்றது. குடற்செருகல் என்ற சொல் அவளை மருத்துவமனைக்கு இட்டுச் செல்லும்.

'தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா?' என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. அவ்வினாவுக்கு யாழ்ப்பாணம் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே விடை கூறிவிட்டது. அமெரிக்கராகிய சாமுவேல் பிசுக்கு கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப்பணி ஆற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1860களில் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவநூல் வெளிவந்தது. 1872இல் 'வைத்தியாகரம்' என்னும் நூல் வந்தது. உடற்கூற்று நூலும் வேதியல் நூலும் தமிழில் ஆக்கப்பட்டன. அவரிடம் தமிழிற் கற்றோர் மருத்துவராகித் தமிழர்க்குப் பணியாற்றினர். 1873இல் நாடு திரும்பிய கிரீன் 1884இல் மறைந்தார். தமிழர்க்கு ஊழியம் செய்த மருத்துவர் என்னும் குறிப்பே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்நூல்களின் பெயர்களிலேயே வடசொல் மிகுந்திருத்தலை மறைக்க வேண்டுவதில்லை. 'இரண வைத்தியம்' என்பது இன்று எழுதப்படின் 'அறுவை மருத்துவம்' என்றே எழுதப்படும். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்கர் ஒருவர் ஆக்கிய நூலில் அக்குறை இருத்தல் வியப்பன்று. வியப்பு வேறு. வேற்றுநாட்டார் ஒருவர் தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலும் என்று நம்பிச் செய்து காட்டினார். தமிழ்நாட்டுத் தமிழரோ இன்றும் அது இயலாது என்று ஆங்கிலத்தில் வாதிடுகின்றனர்.

மருத்துவக் கல்வி முழுதும் தமிழாவது ஒருநாளில் முடிவதன்று. அதற்கெனக் காத்திருத்தலும் வேண்டா. இன்றே செய்யத்தக்கன சில உள. மருத்துவர் எழுதும் சீட்டில் ஆங்கிலப் பெயரின்கீழ் ஒரே வரியில் தமிழ்ப்பெயரையும் எழுதுதல். அதனை நோயாளியிடம் வாயால் ஒருமுறை கூறி, என்ன விளங்கிற்று என்று திரும்பக் கேட்டல். பிள்ளைப்பேற்று மனையினின்று தாயை அனுப்பும்போது குடற்செருகலின் குறிகள் அச்சிட்ட தமிழ்த்தாளை அவள் கையிற் கொடுத்தல். இவற்றுக்குச் சட்டம் வேண்டா, பெரும்பொருள் வேண்டா, மனம் ஒன்றே வேண்டும்.

தமிழ்ப்புலவர் பங்கும் இதில் உண்டு. மருத்துவர் துணையின்றிப் புலவர் ஆக்கும் சொல் அகரமுதலியிலேயே உறங்கும். புலவர் துணையின்றி மருத்துவர் ஆக்கும் சொல் ஆங்கிலத்தின் நிழலாய்க் கிடக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு புலவரும் ஒரு மருத்துவரும் திங்களுக்கு ஒருநாள் கூடியிருந்து, பத்துப் பத்து நோய்ப்பெயர்களை எடுத்து, நோய் யாது, வேர் யாது, மக்கள் வழங்கும் சொல் யாது என்று ஆய்ந்து எழுதிவைத்தல் கூடும். அங்ஙனம் ஆய்ந்த சொல்லை இருவரும் சேர்ந்து ஒரு தாயிடம் கூறிப் பார்த்தல் வேண்டும். அவளுக்கு விளங்காவிடின், எத்துணைத் தூய தமிழாயினும் அச்சொல்லை மாற்றுதல் வேண்டும். தூய்மையும் தெளிவும் ஒருசேர அமைவதே தமிழ்ச்சொல்.

வலியால் துடித்தவனைக் கண்ட கிரேக்கன் அன்று தன் தாய்மொழியில் ஒரு சொல்லைத் தேடினான். 'என்மீது இரங்குக' என்று கதறிய காலம் மேலை நாட்டில் மறைந்துவிட்டது. அங்கு அறிவு மக்கள் மொழியில் இறங்கிற்று. தமிழ்நாட்டில் நள்ளிரவில் குழந்தையைத் தோளிலிட்டு நிற்கும் உழவன் இன்னும் இரக்கத்தையே வேண்டி நிற்கின்றான். அவனுக்கு வேண்டுவது இரக்கமன்று. அவன் மொழியில் ஒரு சொல். அதனை உரிய நேரத்தில் அவனுக்குத் தருக. குழந்தை பிழைக்கும், தமிழும் பிழைக்கும்.

வெல்க தமிழ்!